கணக்குக் கேட்க ஆள் வேண்டும்

திருவனந்தபுரத்தின் கிழக்கேகோட்டையில் தொடங்கிக் கிள்ளிப்பாலம் வரை போகும் சாலைக் கம்போளத்தில், ஆரியசாலையை நெருங்க நெருங்கக் காதில் விழும் தமிழ் கூடிக்கொண்டே போகும். மொத்த மளிகை, இரும்புச் சாமான், பாத்திரம், பூ என்று கடைகள். நாஞ்சில் நாட்டுப் பேச்சையும் நெல்லைப் பேச்சையும் பிரித்தறியத் தெரிந்தவர், முதலாளி இரண்டு வாக்கியம் பேசுவதற்குள் அவருடைய பூர்வீகத் தாலுக்காவைச் சொல்லிவிடலாம். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ் இந்தச் சந்தையை ஏற்படுத்திய நாளிலிருந்தே தெற்கிலிருந்து சரக்கும் ஆளும் வந்துகொண்டிருக்கிறார்கள். தோவாளைப் பூ இன்றும் விடியுமுன் இங்கே வந்துவிடுகிறது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுக்காக்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. அதுவரை ஒரே ஆட்சி எல்லைக்குள் கடை ஓரிடத்திலும் வீடு ஓரிடத்திலுமாக இருந்தவர்கள், ஒரே நாளில் வேறு மாநிலத்தில் பிழைப்பவர்கள் ஆனார்கள்.

நவராத்திரிக்கு வேளிமலை முருகன் களியக்காவிளை வழியாக எல்லை தாண்டி வந்து ஆரியசாலை பகவதி கோயிலில்தான் தங்குகிறார். இரு மாநிலக் காவல்துறையும் மரியாதை செய்து அழைத்து வந்து, விழா முடிந்ததும் அதே மரியாதையோடு அனுப்பிவைக்கின்றன. போக்குவரத்துக்கு இத்தனை ஒழுங்கான ஏற்பாடு கடவுளுக்கு மட்டுமே வாய்த்திருக்கிறது. இங்கிருந்து பூர்வீக ஊருக்குப் போகும் பணத்துக்கு இல்லை.

பிழைக்க வந்த இடத்தில் சம்பாதித்ததைப் பிறந்த ஊருக்குச் செய்ய வேண்டும் என்ற எண்ணத்துக்குத் தமிழரிடம் ஒருபோதும் பஞ்சம் இருந்ததில்லை. கொடுப்பவர் இருக்கிறார், வாங்கிக்கொள்ள ஊரும் இருக்கிறது. கொடுத்த பொருள் மட்டும் ஏன் பத்து வருடம் நிற்பதில்லை? ஆரியசாலைக் கடைகளிலிருந்து விருதுநகர், காரைக்குடி, யாழ்ப்பாணம், மெக்சிகோ வரை இந்தக் கேள்வியைக் கொண்டுபோய்ப் பார்த்தால், பதில் மனத்தின் அளவிலோ பணத்தின் அளவிலோ இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. கணக்குக் கேட்கும் உரிமையும் பழக்கமும் யாரிடம் இருக்கின்றன என்பதில் இருக்கிறது.

குமரி, நெல்லைப் பக்கத்து ஊர்களில் சுடலைமாடனுக்கும் முத்தாரம்மனுக்கும் இசக்கிக்கும் கொடைவிழா நடத்தத் தலைக்கட்டு வரி பிரிப்பார்கள். கல்யாணமான ஒவ்வோர் ஆணும் ஒரு தலைக்கட்டு. ஊரில் இருந்தாலும் திருவனந்தபுரத்தில் இருந்தாலும் வரி உண்டு. கொடை நெருங்கும்போது நாலைந்து பேர் நோட்டீஸும் ரசீதுப் புத்தகமுமாகப் பேருந்து ஏறி வந்து, கம்போளத்தில் கடை கடையாக ஏறுவார்கள். டீ வரும், ஊர்ச் செய்தி வரும், பிறகு பேச்சு இப்படிப் போகும்:

“இந்த வருசம் வரி கொஞ்சம் கூட்டியிருக்கு அண்ணாச்சி. மேற்கொண்டு மண்டபத்துக்கு உங்க இஷ்டம்.”

“வரியத் தாரேன். போன வருசக் கணக்கு வாசிச்சாச்சா வே?”

“வாசிச்சாச்சு அண்ணாச்சி. நீங்கதான் வரல.”

கடைக்காரரால் அதற்கு மேல் பேச முடியாது. கொடை முடிந்த எட்டாம் நாளோ பதினைந்தாம் நாளோ ஊர்க்கூட்டத்தில் வரவு செலவு வாசிப்பது முறை. பந்தல்காரருக்கு என்ன, வில்லுப்பாட்டுக்கு என்ன, வாழைக்குலை எத்தனை என்று வரி வரியாக வாசிப்பார்கள். ஒரு குலையின் விலையில் சந்தேகம் வந்தால் கூட்டம் நடுச்சாமம் வரை நீளும். வரி கட்டிய யாரும் எழுந்து கேட்கலாம். ஆனால் கேட்க அங்கே இருக்க வேண்டும். கடையைப் பூட்டிவிட்டு அதற்காக ஒருவர் போவாரா? போகமாட்டார். மண்டபத்துக்குக் கொடுக்கும் பெருந்தொகைக்கு இந்தக் கூட்டத்தின் காவல்கூடக் கிடையாது. அது இரண்டு மூன்று பேருக்குள் முடிந்துவிடும் விவகாரம். வரிக்குப் பின்னால் ஒரு சபை இருக்கிறது, நன்கொடைக்குப் பின்னால் ஒரு ரசீது மட்டும் இருக்கிறது.

இந்த வித்தியாசத்தை நன்றாகப் புரிந்துகொண்டவர்கள் விருதுநகர், சிவகாசி நாடார் வணிகர்கள். உறவின்முறை என்னும் அவர்களுடைய சமூகச் சங்கங்களில் மகமை என்ற ஏற்பாடு இருந்தது. பருத்தியோ மிளகாயோ தானியமோ, மூட்டைக்கு இவ்வளவு என்று விற்பனையிலேயே ஒரு சிறு தொகை பொதுநிதிக்குப் பிடித்துவிடுவார்கள். வணிகருக்கு அன்று மனம் இளகியிருக்கிறதா இல்லையா என்பது பற்றிக் கவலையில்லை. மூட்டை இறங்கினால் மகமை விழுந்தாக வேண்டும். அந்தப் பணத்தில் முதலில் பேட்டை, கிணறு, கோயில் என்று செய்தார்கள். 1880களில் விருதுநகரில் சத்திரிய வித்தியாசாலை பிறந்தது. வீட்டுக்கு வீடு பிடி அரிசி வாங்கியும் அந்தப் பள்ளியை நடத்தியிருக்கிறார்கள். எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சேர முடிந்த பள்ளி அது. காமராஜர் படித்தது அங்கேதான். நாடார்களைப் பற்றி ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969இல் வெளியிட்ட நூலில் இந்த மகமை விரிவாகவே பேசப்படுகிறது.

மகமையின் பலம் மூன்று இடங்களில் இருந்தது. தொகை சிறியது, ஆனால் ஆண்டு முழுக்க வரும். ஆகவே கட்டடம் கட்டுவதோடு நிற்காமல் வாத்தியார் சம்பளமும் கொடுக்க முடிந்தது. கொடுப்பவர் எல்லோரும் ஒரே பஜாரில் தினமும் முகத்தில் முழிப்பவர்கள். நிதியைத் தின்றவர் மறுநாள் கடை திறக்க முடியாது. இதற்கு ஒரு விலையும் இருந்தது. அதே உறவின்முறைக்கு அபராதம் போடவும் ஆளை ஒதுக்கிவைக்கவும் அதிகாரம் இருந்தது. மகமையை மட்டும் வைத்துக்கொண்டு அந்த அதிகாரத்தை விட்டுவிட்டால் அது நடந்திருக்குமா என்று கேட்டால், நடந்திருக்காது என்பதே நேர்மையான பதில். பழைய காலத்தின் பொதுநிதியைப் புகழ்கிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் தயங்கிவிட்டுப் போவது நல்லது.

தனி மனிதர் தந்த பெருங்கொடை எப்படியெல்லாம் மாட்டிக்கொள்ளும் என்பதற்குப் பச்சையப்ப முதலியாரைவிடப் பெரிய சாட்சி கிடையாது. அவர் 1794இல் இறந்தார். உயில் தெளிவாகவே இருந்தது, சொத்தும் ஏராளம். நிறைவேற்ற வேண்டியவர்கள் கையில் அது சிக்கி, வழக்காகி, நீதிமன்றத்தில் கிடந்து, வழக்கறிஞர் ஜார்ஜ் நார்ட்டன் போன்றவர்கள் தலையிட்ட பிறகுதான் மீண்டது. சென்னையில் அவர் பெயரில் பள்ளி திறந்தது 1842இல். இடையில் 48 ஆண்டுகள். உயில் எழுதியபோது அவர் நினைத்திருந்தது கோயில் தருமங்களைத்தான். மிஞ்சிய பணம் கல்விக்குப் போனது நீதிமன்ற ஏற்பாட்டால். கொடுத்தவர் உயிரோடு இல்லாதபோது அவர் சார்பில் கேட்க ஓர் அமைப்பு வேண்டியிருந்தது. அன்று அந்த அமைப்பு நீதிமன்றம்.

அழகப்பச் செட்டியார் செய்தது இன்னொரு விதம். 1947இல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கினார். மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் தமிழ் ஆராய்ச்சிக்கு அவர் கொடுத்த ஒரு லட்சம், இதே திருவனந்தபுரத்தில் ஒரு துறையையே எழுப்பியது. பிற்பாடு வையாபுரிப் பிள்ளை வந்து தலைமை ஏற்ற துறை அது. செட்டியாரின் தாராளத்தைச் சொல்லிச் சொல்லிப் பலரும் கவனிக்கத் தவறும் சாமர்த்தியம் ஒன்று உண்டு. ஆராய்ச்சி நிலையம், பல்கலைக்கழகத் துறை இரண்டிலும் தொடங்குவதற்கான முதலை அவர் கொடுத்தார். ஆண்டுதோறும் சம்பளம் கொடுத்து நடத்தும் பாரத்தை அரசாங்கமோ பல்கலைக்கழகமோ சுமக்கும்படி பார்த்துக்கொண்டார். 48 வயது நிறையுமுன், 1957இல், அவர் போன பிறகும் அவை நின்றதற்கு அதுவே காரணம்.

இன்றைய கொடையாளர்கள் பெரும்பாலும் இதற்கு நேரெதிராக நடந்துகொள்கிறார்கள். கட்டடம் கொடுக்கிறார்கள், நடத்தும் செலவைப் பற்றி வாய் திறப்பதில்லை. கட்டடத்தில் பெயர் வெட்டலாம், துப்புரவுப் பணியாளரின் சம்பளத்தில் வெட்ட முடியாது என்பது ஒரு காரணம். அரசுப் பள்ளிக்குக் கழிப்பறை கட்டிக் கொடுப்பார்கள். தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற மோட்டார், மோட்டாருக்கு மின் இணைப்பு, கழுவ ஓர் ஆள் என்ற மூன்றும் யார் பொறுப்பு என்று எழுதிவைக்காமல் ரிப்பன் வெட்டுவார்கள். இரண்டாம் வருடம் அதற்குப் பூட்டுப் போட்டிருக்கும்.

குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் கதையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். ஊரில் நிலத்தடி நீர் உப்பு. வெளிநாட்டில் இருக்கும் நாலு பேர் சேர்ந்து ஆர்.ஓ. எந்திரம் வாங்கிக் கொடுக்கிறார்கள். எந்திரத்துக்குள் இருக்கும் சவ்வை இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அதற்கு முன்னால் இருக்கும் வடிகட்டிகளைச் சில மாதத்துக்கு ஒருமுறை. எந்திரம் உள்ளே இழுக்கும் தண்ணீரில் ஒரு பெரும் பங்கு இன்னும் கடுமையான உப்புநீராக வெளியே வரும், அதை விட இடம் வேண்டும். கரண்ட் பில் பஞ்சாயத்து கட்டுமா, குடம் பிடிப்பவர்கள் கட்டுவார்களா? குடத்துக்கு ஐந்து ரூபாய் வாங்கலாம் என்றால், “இலவசமாகக் கொடுத்த எந்திரத்துக்குக் காசா?” என்று முதல் எதிர்ப்பு கொடையாளரின் சொந்தக்காரரிடமிருந்தே வரும். காசு வாங்காவிட்டால் சவ்வு மாற்றப் பணம் இருக்காது. எந்திரம் கொடுத்தவர்கள் முதல் நாளே குடத்துக்கு விலை வைத்து, அந்த உண்டியலுக்கு ஊர்ப் பெண்கள் குழு ஒன்றைப் பொறுப்பாக்கியிருந்தால் பாதி எந்திரங்கள் பிழைத்திருக்கும். தருமத்துக்கு விலை வைப்பது நமக்குக் கூச்சமாக இருக்கிறது.

சட்டத்தின் சிக்கல் தனி. இந்தியக் குடியுரிமை வைத்திருக்கும் வரை ஒருவர் துபாயிலிருந்து தம் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது அந்நியப் பங்களிப்பு ஆகாது. அதே மனிதர் சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிய பிறகு அதே ஊரின் அதே அறக்கட்டளைக்கு அனுப்பினால், அவர் அந்நிய மூலம். வாங்கும் அமைப்பு 2010ஆம் ஆண்டு அந்நியப் பங்களிப்புச் சட்டத்தின் கீழ் பதிவோ முன் அனுமதியோ பெற்றிருக்க வேண்டும். பதிவுக்கு மூன்றாண்டு வயதும் அந்த மூன்றாண்டில் 15 லட்சம் ரூபாய் செலவு செய்த கணக்கும் வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு பணம் முதலில் வந்து இறங்க வேண்டிய இடம் புதுடெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கிக் கிளை. நிர்வாகச் செலவு 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. கண்மாய்க் கரையை உயர்த்த நினைத்த ஊர்க்குழு இதில் எந்தப் படியைத் தாண்டும்? ஆகவே பணம் தம்பி பெயருக்குப் போகிறது. சட்டம் இதை எப்படிப் பார்க்கும் என்பது ஒரு புறம் இருக்கட்டும். ஊர்ப்பணம் ஒரு குடும்பத்தின் பாஸ்புக்கில் ஏறிவிடுகிறது. அதன்பிறகு கணக்குக் கேட்பது அண்ணன் தம்பிச் சண்டை.

உள்நாட்டில் இருப்பவருக்கும் வழி அத்தனை சுளுவல்ல. நன்கொடைக்கு வருமான வரிச்சலுகை வேண்டுமானால் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்கக் கூடாது, புதிய வரிமுறையில் இருப்பவர்களுக்கு அந்தச் சலுகையே இல்லை. தமிழக அரசின் நமக்கு நாமே திட்டத்தில் பொதுவாக மக்கள் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடும். நல்ல யோசனைதான். ஆனால் மூன்றில் ஒரு பங்கு திரட்டும் வலு உள்ள ஊருக்கே அரசுப் பணமும் போகும் என்பதையும் யோசிக்க வேண்டும். 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ முயற்சியிலும் இந்தக் கேள்வி உண்டு. வெளிநாட்டில் பழைய மாணவர் இல்லாத பள்ளியை யார் தேர்ந்தெடுப்பார்கள்?

மெக்சிகோ இந்தச் சமனின்மையை முன்பே சந்தித்தது. அமெரிக்காவில் வேலை பார்த்த சகாடெகாஸ் மாநிலத்தார் ஊர்ச்சங்கம் வைத்துப் பணம் அனுப்பினார்கள். அவர்கள் போடும் ஒரு பெசோவுக்கு மத்திய அரசு, மாநிலம், நகராட்சி மூன்றும் ஆளுக்கொரு பெசோ போடும் திட்டம் 2002இல் நாடு முழுவதற்கும் வந்தது. சாலையும் குடிநீரும் வந்தன. ஆள் அதிகம் வெளியேறாத ஏழை ஊர்களுக்கு அதில் பங்கு குறைவாகவே கிடைத்தது. ஆட்சி மாறியபின் திட்டமும் கைவிடப்பட்டது.

இலங்கைத் தமிழரிடம் இந்தச் சமனின்மை இன்னும் அப்பட்டம். யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரிக்கும் பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரிக்கும் லண்டனிலும் டொரொன்டோவிலும் பழைய மாணவர் சங்கங்கள் இருக்கின்றன. வன்னியின் உள்ளே இருக்கும் பள்ளிக்கோ மலையகத் தோட்டப் பள்ளிக்கோ அப்படி ஒரு சங்கம் எங்கிருந்து வரும்? புங்குடுதீவு போன்ற தீவுப்பகுதி ஊர்களில் புலம்பெயர்ந்தவர் பணத்தில் கோயில்கள் புதுக்கப்பட்டு நிற்கின்றன. சுற்றிலும் ஆளில்லாத வீடுகள், உவர் ஏறிய கிணறுகள். குறை சொல்வது எளிது. ஆனால் கோயிலுக்குத்தான் திருவிழாக் கணக்கு என்ற ஒன்று இருக்கிறது, உபயகாரர் வரிசை இருக்கிறது, ஆண்டுக்கொருமுறை கனடாவிலிருந்தும் பிரான்சிலிருந்தும் வந்து கண்ணால் பார்க்க ஒரு நாள் இருக்கிறது. கிணற்றுக்கு இவை எதுவும் இல்லை. தெய்வபக்தி பாதிக் காரணம் என்றால், மீதி இந்த ஒழுங்கு.

கொடுப்பதைப் பற்றிப் பேசும்போது கொடுக்க விடாததைப் பற்றியும் பேசியாக வேண்டும். தமிழ்நாட்டின் பல ஊர்களில் சேரியிலிருந்து கோயிலுக்கு வரி வாங்கமாட்டார்கள். பணம் வேண்டாம் என்பதால் அல்ல. வரி வாங்கிவிட்டால் கூட்டத்தில் இடம் கொடுக்க வேண்டும், சாமி அந்தத் தெருவுக்கும் போக வேண்டும், கணக்கு வாசிக்கும்போது அவரும் எழுந்து கேட்பார். ஒருவரை ஊர் ஒதுக்கிவைக்கும்போதும் முதலில் நிற்பது வரிதான். சென்னையிலோ வளைகுடாவிலோ நாலு காசு சம்பாதித்த தலித் இளைஞர் பூர்வீக ஊருக்கு ஏதாவது செய்ய நினைத்தால், எந்த ஊருக்குச் செய்வது என்பதே அவருக்கு முதல் பிரச்சினை. பணத்தைப் பெரும்பாலும் தம் தெருவின் படிப்பகத்துக்கோ பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணத்துக்கோ கொடுக்கிறார். ஊர்ப்பற்றைப் பற்றிய நம்முடைய பேச்சில் பெரும்பகுதி, வரி கட்ட அனுமதிக்கப்பட்டவர்களின் பேச்சு.

சரியாக நடந்தவையும் உண்டு. கோழிக்கோடு நடக்காவு அரசுப் பெண்கள் பள்ளியை எடுத்துக்கொள்ளலாம். வளைகுடாவில் தொழில் செய்த ஒரு தம்பதியின் பைசல்–ஷபானா அறக்கட்டளை அதற்குப் பெரும்பணம் கொடுத்தது. அப்போதைய சட்டமன்ற உறுப்பினர் பிரதீப் குமார் தம் தொகுதித் திட்டமாகவே அதை எடுத்து நடத்தினார். கட்டடத்தோடு நிற்காமல் ஆசிரியர் பயிற்சிக்குக் கோழிக்கோடு இந்திய மேலாண்மைக் கழகத்தையும் சேர்த்துக்கொண்டார்கள். கொடுத்தவர், அரசியல்வாதி, பள்ளி மூவரும் ஒருவரையொருவர் கேள்வி கேட்கக்கூடிய தூரத்தில் இருந்தார்கள். எல்லாப் பள்ளிக்கும் இப்படி மூவர் அமையமாட்டார்கள் என்பதும் உண்மைதான்.

ஆரியசாலைக் கடைக்காரருக்கு ஊர் என்பது இரண்டு. கொட்டாரத்துக்கோ இரணியலுக்கோ பணம் அனுப்பும் மூன்றாம் தலைமுறைக்காரர் பிறந்தது, படித்தது, கல்யாணம் செய்தது எல்லாம் திருவனந்தபுரத்தில். இந்தத் தெருவுக்கு என்ன செய்தார்கள் என்று கேட்டால், எல்லோரும் முதலில் சொல்வது ஆ. மாதவன் பெயரைத்தான். 2021இல் மறையும் வரை சாலைத் தெருவின் கூலிகளையும் தரகர்களையும் பிச்சைக்காரர்களையும் எழுதினார். அதுவும் இதே கம்போளத்தில் கடை நடத்திக்கொண்டு. ஆனால் எழுத்து பணக்கொடையாகாது. பணக்கொடைக்கு இந்தத் தெருவிலேயே ஓர் இடம் உண்டு. அது தமிழ்வழி அரசுப் பள்ளி.

கேரள அரசுப் பள்ளிகளில் ஆசிரியர் பணியிடங்கள் ஒவ்வோர் ஆண்டும் ஜூனில் எடுக்கும் மாணவர் கணக்கை வைத்துத்தான் நிர்ணயமாகின்றன. பிள்ளை குறைந்தால் டிவிஷன் குறையும், டிவிஷன் போனால் ஆசிரியர் போவார், ஆசிரியர் இல்லாத வகுப்புக்கு அடுத்த ஆண்டு யாரும் பிள்ளையைச் சேர்க்கமாட்டார்கள். இந்தச் சுழலை ஸ்மார்ட் போர்டு கொடுத்து நிறுத்த முடியாது. கேரளத்தில் பல அரசுப் பள்ளிகள் இதற்குக் கண்டுபிடித்த வழி, பெற்றோர் ஆசிரியர் சங்கமே நடத்தும் மழலையர் வகுப்பு. எல்.கே.ஜி.க்கு வந்த பிள்ளை ஒன்றாம் வகுப்புக்கும் அங்கேயே நிற்கும். தமிழில் சொல்லிக்கொடுக்கும் ஒரு மழலையர் ஆசிரியைக்கும் ஓர் ஆயாவுக்கும் மாதச் சம்பளம் என்பது கம்போளத்தின் தமிழ் வணிகர்களுக்குச் சுமையே அல்ல. மூட்டைக்குச் சில காசு மகமை போட்டால் போதும்.

தடை வேறிடத்தில் இருக்கிறது. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் உட்கார்ந்து கணக்குக் கேட்கப் பிள்ளை அந்தப் பள்ளியில் படிக்க வேண்டும். வசதியுள்ள தமிழ்க் குடும்பங்கள் பிள்ளைகளை ஆங்கிலவழிப் பள்ளிக்கு அனுப்பிப் பல காலமாகிறது. தமிழ்வழி வகுப்பில் மிஞ்சியிருப்பது கடைகளில் சுமை இறக்குபவர்கள், பூக்கட்டுபவர்கள் போன்றோரின் பிள்ளைகள். பணம் கொடுக்கக்கூடியவருக்குச் சங்கத்தில் இடமில்லை. இடம் உள்ளவர் வேலைநாள் பிற்பகலில் கூட்டத்துக்கு வந்தால் அரைநாள் கூலி போகும். கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றி, பணம் தரும் வணிகர் சார்பில் ஒருவரைச் சிறப்பு அழைப்பாளராக உட்காரவைத்து, மாதக் கணக்கைத் தமிழில் எழுதிக் கம்போளத்தில் ஒட்டலாம். அதற்கு முதலில் ஆசிரியர்கள் விடுமுறை நாளில் வர ஒப்புக்கொள்ள வேண்டும். வணிகர்கள், தங்கள் கடையில் மூட்டை தூக்குபவர் தலைமை வகிக்கும் கூட்டத்தில் உட்கார ஒப்புக்கொள்ள வேண்டும்.